எண்ணைக் கொடுக்காமல் பழகுவது: சிக்னல் செயலியின் பயனர்பெயர் வசதி

பட்டிமன்றத்தில் பேசுகிறவர் முகத்தை மறைத்துக்கொள்ள முடியாது. மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. ஆனால் முகம் தெரிந்தவர்களுக்கெல்லாம் கைபேசி எண்ணும் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை, ஒரு விழாக் குழுவினர் என்னைக் கேட்காமலே என் எண்ணை அழைப்பிதழில் அச்சிட்ட பிறகுதான் அறிந்தேன். மருமகள்கள் அணியில் நான் பேசி முடித்த அன்று இரவு பத்தரை மணிக்கு அழைத்த ஒருவர், "அம்மா, உங்கள் மாமியார் உங்களோடுதான் இருக்கிறாரா?" என்று கேட்டார். அழைப்பை எடுத்திருந்தவர் என் மாமியார்.

எண்ணை மாற்றிக்கொள்வதுதானே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு, மகளின் பள்ளி ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணில்தான் கோத்துக் கிடக்கின்றன. அதைப் பணம் அனுப்பும் செயலியில் தட்டினால் வங்கியில் பதிந்துள்ள முழுப்பெயர் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் உரிய அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் குடும்பப் படமும் வந்துவிடும்.

இந்த நிலையில்தான், செய்தி அனுப்பவும் பேசவும் பயன்படும் சிக்னல் செயலி 2024 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய பயனர்பெயர் வசதியை எடுத்துக்கொண்டேன். ஒரு பெயரும் அதன் இறுதியில் குறைந்தது இரண்டு இலக்கங்களும் கொண்ட அடையாளத்தை நாமே அமைத்துக்கொண்டு, எண்ணுக்குப் பதிலாக அதையோ அதற்குரிய கியூஆர் குறியையோ கொடுக்கலாம். பெயரை எழுத்துப் பிசகாமல் அறிந்தவர் மட்டுமே நம்மை அடைய முடியும். தேடிப் பார்க்கப் பட்டியல் எதுவும் கிடையாது. புதியவர் அனுப்பும் செய்தி முதலில் ஒரு வேண்டுகோளாகவே வந்து நிற்கிறது; நாம் ஏற்கும்வரை அதைப் படித்தோமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது, பயனர்பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதும், மாற்றினாலும் முன்பே பேசிக்கொண்டிருப்பவர்களுடனான உரையாடல் அறுந்துவிடாது என்பதும்தான். திருவிழாக் காலம் முடிந்ததும் நான் பெயரை மாற்றிவிடுகிறேன். அழைப்பிதழில் பழைய பெயர் இருந்தாலும் கவலையில்லை.

ஒரு கண்ணியை மட்டும் கவனிக்க வேண்டும். எண்ணை யார் பார்க்கலாம் என்ற அமைப்பு தொடக்கத்திலேயே 'யாருமில்லை' என்று இருக்கிறது; ஆனால் எண்ணைக் கொண்டு நம்மை யார் கண்டுபிடிக்கலாம் என்ற அமைப்பு 'அனைவரும்' என்றே விடப்பட்டிருக்கிறது. இரண்டாவதையும் நாமே தேடிப்போய் மாற்றாவிட்டால், அழைப்பிதழிலிருந்து எண்ணை எடுத்தவர் சிக்னலிலும் வந்து நிற்பார். எனக்கு அப்படி இருவர் வந்தார்கள். தனியுரிமையையே தன் பெருமையாகச் சொல்லும் செயலி இதைத் தலைகீழாக வைத்திருக்கலாம்.

குறைகள் வேறும் உண்டு. கணக்குத் தொடங்க இன்னும் கைபேசி எண் வேண்டும். நம் எண்ணை ஏற்கெனவே தம் தொடர்புப் பட்டியலில் சேமித்து வைத்திருப்பவரோடு சிக்னலில் பேசினால், அவரிடமிருந்து அந்த எண்ணை மறைக்க முடியாது. பயனர்பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க முடியாது என்பது தமிழ் பேசிப் பிழைக்கிற எனக்குச் சிறு வருத்தம். குறித்த காலம் கழிந்ததும் செய்திகள் தாமே அழிந்துவிடும் வசதியை ஒரு வாரத்துக்கு அமைத்துவிட்டு, ஓர் ஊருக்குப் போகவேண்டிய நாளன்று மண்டபத்தின் முகவரியைத் தேடி நான் தவித்ததைச் செயலியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய தடை, ஆள் இல்லாமைதான். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது எங்கள் உறவினர் கூட்டமாகச் சிக்னலுக்குக் குடிபெயர்ந்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் கூட்டமாகவே திரும்பிப் போனார்கள். ஆகவே விழா அமைப்பாளர்களிடம் ஒவ்வொரு முறையும் இதை நிறுவச் சொல்லி விளக்க வேண்டியிருக்கிறது. கட்டணமோ விளம்பரமோ இல்லை, நன்கொடையில் நடக்கும் இலாப நோக்கற்ற அமைப்பு என்று சொன்னதும் பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள். மீதிப் பேர், "எண் கொடுக்கத் தயங்குகிறவர் மேடைக்கு ஏன் வருகிறார்?" என்கிறார்கள். அவர்களுக்கு இப்போது என் கணவருடைய அலுவலக எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் அதை எடுக்க ஆள் கிடையாது.