கதிர்மூலம் தேடும் தலைகீழ்க் கணக்கு: எம்.எல்.இ.எம். முறையோடு பல வருடங்கள்

டிடெக்டரில் பதிவான எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிப் போய், கதிர்மூலம் எங்கே, வீரியம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பல வருடங்களாக எம்.எல்.இ.எம். (Maximum Likelihood Expectation Maximization) முறையைத்தான் நாடுகிறேன். பதிவான எண்ணிக்கையைத் தர அதிக வாய்ப்புள்ள மூலத்தைச் சுற்றுச் சுற்றாகத் திருத்தித் தேடும் முறை இது. உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமெடுக்கும் உமிழ்வு டோமோகிராபிக்காக 1982இல் ஷெப்பும் வார்டியும் முன்வைத்தது.

இதில் பிடித்தது, விடையில் எதிர்மறை எண் வராது என்பது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய மதிப்பீட்டைப் பெருக்கியே திருத்துகிறது. அதனால் 'கழித்தல் 40 பெக்கரல்' (பெக்கரல் என்பது கதிர்வீரியத்தின் அலகு) போன்ற அபத்தத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணிக்கை சொற்பமாக இருக்கும்போதும் பாய்சான் பரவலை, அதாவது தற்செயலாக விழும் எண்ணிக்கைகளின் ஏற்ற இறக்க விதியை, மதித்து நடக்கும். வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண மீச்சிறு வர்க்க முறை அங்கேதான் தடுமாறும்.

ஆனால் இதற்கு நிற்கத் தெரியாது. சுற்றுகள் கூடக்கூட இரைச்சலையும் மூலமென்று நம்பி, படமெங்கும் புள்ளிகளை முளைக்கவிடும். நான் எண்ணிக்கைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கணக்கிடுகிறேன். மறுபாதியோடு பொருத்தம் கெடத் தொடங்கும் சுற்றில் நிறுத்திவிடுகிறேன்.

உண்மையான தலைவலி வேறு. அதற்கு இந்த முறையைக் குறை சொல்வது நியாயமில்லை. சீசியம்-137 மூலத்தின் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சியை (அந்த ஆற்றலில் எண்ணிக்கை குவியும் இடம்) 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஈயமே பாதியாக்கிவிடும். ஆகவே அவ்வளவு ஈயம் கூடுதலாக மறைத்தால், இரு மடங்கு வீரியமுள்ள மூலமும் அதே உச்சியைத்தான் காட்டும். உச்சியை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணக்காலும் இவற்றைப் பிரிக்க முடியாது. யூரோப்பியம்-152 என்றால் கவலையில்லை: ஈயம் தாழ்ந்த ஆற்றலையே அதிகம் தடுப்பதால், 344, 1408 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற இரு உச்சிகளின் விகிதமே தடிமனைச் சொல்லிவிடும். கோபால்ட்-60 பெயருக்குத்தான் இரண்டு உச்சி. 1173, 1332 இரண்டும் நெருங்கியிருப்பதால் விகிதம் அதிகம் அசையாது. சீசியத்துக்கு, தடுப்பில் சிதறி ஆற்றல் குறைந்து வந்த கதிர்கள் உச்சிக்குக் கீழே பதிக்கும் தொடர்ச்சியைத்தான் நம்ப வேண்டும்.

வேகத்துக்கு, கதிரின் பயணத்தை டிடெக்டரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் அட்ஜாயிண்ட் சமன்பாடு கைகொடுத்தது. மூலம் இருக்கக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் மான்டி கார்லோ (கதிர்களின் பாதையைக் குலுக்கல் எண்களால் போலச்செய்யும் கணக்கு) ஓட்டுவதற்குப் பதிலாக, டிடெக்டருக்கு ஒருமுறை தீர்த்தால் போதும். தடுப்பின் தடிமனே தெரியாவிட்டால் மட்டும் ஒவ்வொரு தடிமனுக்கும் புதிதாகத் தீர்த்தாக வேண்டும்; அங்கே பொறுமை தேவை.

ஒன்றிரண்டு புள்ளி மூலங்களைத் தேடுபவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். தரையெங்கும் மெல்லப் பரவிய மாசென்றால் நான், விடை சீராக இருக்கும்படி கட்டுப்படுத்தும் டிகோனோவ் முறைக்கே போகிறேன்.