யாழ்ப்பாணத்தில் இருந்து உரைபெயர்ப்பு வேலை: லண்டனா, ரொறன்ரோவா, மெல்பேணா?

வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு ஊருக்குத் திரும்பி, கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இருக்கிறவர்கள் பலருக்கு இந்த யோசனை வருகிறது. அங்கே ஆஸ்பத்திரியிலும் கவுன்சில் கந்தோரிலும் தமிழாட்களுக்குச் செய்த உரைபெயர்ப்பை இங்கிருந்தபடி போனில் செய்தால் என்ன? செய்யலாம். எந்த நாட்டுக்குச் செய்வது என்பதில்தான் விசயம் இருக்கிறது. எல்லாரும் முதலில் நிமிடத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்வேன்.

லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே பின்னேரம் 2.30, அவர்களுடைய கோடையில் 1.30. சந்தைக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வேலையில் குந்தலாம். இரவு 10.30க்கு அவர்களுடைய கந்தோர் பூட்டிவிடும். ரொறன்ரோ அப்படியில்லை. குளிர்காலத்தில் இரவு 7.30க்குத் தொடங்கி விடிய 3.30 வரை இழுக்கும். கலியாண வீடு, செத்த வீடு எல்லாம் பகலில் நடக்கிற ஊரில், இரவு முழுக்க முழித்திருந்துவிட்டு மனிதருக்கு முகம் கொடுப்பது லேசில்லை. மெல்பேண் இதற்கு நேர் எதிர். இங்கே விடிய 4.30க்கு, அவர்களுடைய கோடையில் 3.30க்கே, அங்கே வேலை நாள் தொடங்கிவிடும். ஆனால் மத்தியானத்தோடு கையைக் கழுவிவிடலாம். விடியப்புறம் எழும்பிப் பழகினவர்களுக்கு அது பெரிய வசதி.

இப்படிப் பார்த்தால் லண்டன்தான் வெல்லவேண்டும். ஆனால் லண்டன்காரருக்கு ஒரு எதிரி இருக்கிறது, கோயில் லவுட்ஸ்பீக்கர். திருவிழாக் காலத்தில் பின்னேரப் பூசைக்குப் பாட்டுப் போடத் தொடங்கினால், டொக்டர் சொல்கிற மருந்தின் அளவு உங்கள் காதில் விழாது. நோயாளிக்கோ உங்கள் பக்கத்து நாதஸ்வரம்தான் கேட்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கோயிலுக்குக் கிட்ட வீடு என்றால் அந்த மாதம் வேலையைக் குறைப்பதே புத்தி. இரவு வேலை செய்கிற ரொறன்ரோக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு, நாய் குரைப்பது மட்டும்தான். எந்த நாடாக இருந்தாலும் கனத்த திரைச்சீலை போட்ட உள்ளறை, வயர் உள்ள ஹெட்செட், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இந்த மூன்றும் வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. இன்றைக்கு அந்த நிலைமை இல்லைத்தான். ஆனால் சோதனை முடிவு சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது சின்ன விசயமில்லை.

அடுத்தது சட்டம். இங்கே பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆட்களின் தனிப்பட்ட விபரம் நாட்டுக்கு வெளியே போவதற்கு நிபந்தனை வைக்கிறது. போதிய பாதுகாப்பு உண்டு என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட நாடுகளில் இலங்கை இல்லை. அதனால் உங்களுக்கு அழைப்புகளைத் தருகிற முகவர் நிறுவனம் உங்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும். சிலர் செய்வார்கள், சிலர் கையை விரிப்பார்கள். பொதுச்சேவை உரைபெயர்ப்புக்கான பிரித்தானிய டிபிஎஸ்ஐ (DPSI) டிப்ளோமா கையில் இருந்தாலும் இந்தக் கேள்வி போகாது. அவுஸ்திரேலியாவில் உரைபெயர்ப்பாளருக்கான நாட்டி (NAATI) சான்றிதழை மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்கு வேலை செய்த கணக்கும் பயிற்சிக் கணக்கும் காட்டவேண்டும். இங்கே வந்து வேலை குறைந்தால் அந்தக் கணக்கு இடிக்கும். எந்த நாட்டுக்கு என்றாலும் ‘இலங்கையில் இருந்து செய்ய அனுமதி’ என்று எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். விபிஎன் போட்டு லண்டனில் இருப்பதுபோலக் காட்டலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். குரல் பிந்தும், பிடிபட்டால் பெயரும் போகும்.

ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு அம்மா போனில் வருவார். இரண்டு வசனத்தில் உங்கள் பேச்சைப் பிடித்து, “தம்பி எந்த ஊர்?” என்று கேட்டுவிடுவார். ரொறன்ரோவில் இருந்தபோது அதைச் சமாளித்திருப்பீர்கள். இங்கே இருக்கும்போது அவருடைய தங்கச்சி உங்கள் ஒழுங்கைக்குள்ளேயே இருக்கக்கூடும். அவர் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொல்லிவிடுவதுதான் முறை, பதில் சொல்வதல்ல. ஆளைத் தெரியும் என்றால் உடனே சொல்லி விலகவேண்டும். குறிப்பெடுத்த தாளை அழைப்பு முடிந்த கையோடு கிழித்துப் போடவேண்டும், கடலை சுற்றக் கொடுக்கக்கூடாது. அறைக் கதவைத் தட்டாமல் தேத்தண்ணியோடு வருகிற மாமியாருக்கும் இதை விளங்கப்படுத்தியாகவேண்டும், அதுதான் கஷ்டம்.

வெளிநாடே போகாத, ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளைகளுக்கு மேலே சொன்ன மூன்றையும்விட அமெரிக்கக் கதவுதான் திறப்பது சுகம். அங்குள்ள சில போன் உரைபெயர்ப்பு நிறுவனங்கள் வெளிநாட்டில் இருப்பவர்களையும் எடுக்கும். மருத்துவ உரைபெயர்ப்புக்கான கோர்சிஎச்ஐ (CoreCHI) என்ற அமெரிக்கச் சான்றிதழை எந்த மொழிக்காரரும் எடுக்கலாம், அதற்கு 40 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். காசு நிமிடக் கணக்கில்தான். அழைப்பு வராத நேரத்துக்கு ஒன்றும் இல்லை. இரவும் ரொறன்ரோ இரவு போலத்தான்.

வரியையும் கணக்கில் எடுங்கள். இப்படி வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டுக் காசுக்கு 2025 ஏப்ரல் முதல் இலங்கையில் அதிகபட்சம் 15 வீத வரி உண்டு. வருசத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. பகுதி நேரமாகச் செய்கிறவர் பலர் அதற்குள் நிற்பார்கள்.

என்னைக் கேட்டால், அனுமதி எழுத்தில் கிடைத்தால் லண்டன். கிடைக்காவிட்டால், தூக்கம் வராத ஆளாக இருந்தால் மட்டும் ரொறன்ரோ. அவுஸ்திரேலியாவின் நாட்டி சான்றிதழை ஏற்கனவே வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அலையத் தேவையில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பினால் சரி.