கண்டக்டிவ் (கரண்ட் கடத்துற) பிளாஸ்டிக் குருணை வாங்குறவங்க உஷார், 1,74,000 ரூபாய் போச்சு

தடா, சத்தியவேடு பக்கம் மோல்டிங் யூனிட் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுல வார்க்கிற பட்டறை) வெச்சிருக்கிறவங்க கட்டாயம் படிங்க. வயிறு எரியுது.

ஸ்ரீசிட்டில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு சர்க்யூட் போர்டு அடுக்குற ட்ரே ஆர்டர். ஸ்டாட்டிக்ல, அதாவது உரசல்ல சேருற கரண்ட்ல, போர்டு போயிடக் கூடாது, ட்ரேயோட ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) நூறு கோடி ஓமுக்குள்ள இருக்கணும்னாங்க. கரண்ட் கடத்துற கார்பன் பிளாக் (கரிப்பொடி) கலந்த பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் குருணை தேவைப்பட்டுச்சு. தொழில் சாமான் விக்கிற ஆன்லைன் தளம் ஒண்ணுல இதை விக்கிற ஒரு ஆள் மாட்டினான்.

யூனிட்டுக்கே வந்தான். "எங்க அம்மா ஊரு ஊத்துக்கோட்டைதாண்ணே"ன்னான். மாதிரித் தகட்டை மேசைல வெச்சு, மல்டிமீட்டர் முனை ரெண்டையும் என் கையில கொடுத்து, "நீங்களே வெச்சுப் பாருங்கண்ணே"ன்னான். 40 கிலோ ஓம், அதாவது வெறும் 40,000 ஓம். கண்ணால பாத்துட்டு எப்படி நம்பாம இருக்கிறது? கிலோ 290 ரூபாய், 600 கிலோ. மொத்தம் 1,74,000 ரூபாய், முழுசும் முன்பணம்.

ட்ரே அடிச்சு அனுப்பினோம். அவங்க மீட்டர்ல லட்சம் கோடி ஓமுக்கு மேல. மொத்த லாட்டும் திரும்பி வந்துடுச்சு.

தண்ணி பைப்புக்கு வெயில் தாங்க 2.5 சதவீதம் கார்பன் போட்டாலே கன்னங்கரேல்னு ஆயிடும், ஆனா கரண்ட் போகாது. துகளும் துகளும் தொட்டு வழி உண்டாகுற அளவுக்குப் போடணும். சாதா கண்டக்டிவ் கிரேடுன்னா 15, 20 சதவீதம் ஆகும். இவன் அனுப்பினது வெறும் கருப்பு. இரும்புக் கரண்டில கொஞ்சம் குருணையைப் போட்டு டார்ச்சால எரிச்சேன். கருப்பெல்லாம் போய் வெள்ளைப் பொடி ஒரு குவியல் நின்னுச்சு. கார்பன் எரிஞ்சிடும், சுண்ணாம்பு நிக்கும். சுண்ணாம்புக்கு 290 ரூபாய்!

போன் போட்டா, "ஈரம்ணே, காய வைங்க." காய வெச்சோம். "ஸ்க்ரூ வேகம் ஜாஸ்தி, கார்பன் உடையுது." பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளுற ஸ்க்ரூ ஓவரா அரைச்சா கார்பன் துகள் சங்கிலி அறுந்துபோறது நிஜம்தான், அதனாலதான் இந்தச் சாக்கு எடுபடுது. வேகத்தைக் குறைச்சும் அதே ரீடிங். அப்புறம் போனே எடுக்கலை. தளத்துல கேட்டா, "நாங்க அறிமுகம் மட்டும்தான் சார்." 1,74,000 ரூபாய்க்கு அறிமுகம்!

பில்லைப் பாருங்க, "பிளாக் கிரானுல்ஸ்"னு மட்டும்தான் போட்டிருக்கான். ஓம் கணக்கை பில்லுலயே எழுதி வாங்குங்க. மாதிரியை நம்பாதீங்க, வந்த மூட்டைல ஒண்ணைப் பிரிச்சு, ஒரு ட்ரே அடிச்சு அளந்த பிறகு மீதிப் பணம் கொடுங்க. முழு முன்பணம் கேட்டா வேண்டாம்னுடுங்க. மத்ததை அப்புறம் எழுதறேன், இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன்.