பதினோரு வருடமாக டெக் ஓட்டுகிறேன்

வீடியோ கேசட் ஓட்டும் பெட்டியை வி.சி.ஆர். என்றால் புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கே சட்டென்று பிடிபடாது. டெக் என்றால்தான், "வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்போமே, அதுவா?" என்பார்கள். என்னிடம் அது நான்கு இருக்கிறது. முதல் டெக்கை 2014-இல் மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 600 ரூபாய்க்கு வாங்கினேன்.

இரண்டாவதை வாங்க வைத்தது பக்கத்து வீட்டு அக்கா. பாரிசில் நடந்த கல்யாணத்தின் கேசட்டைக் கொண்டுவந்தார். போட்டால் படம் ஆடாமல் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளை. "காசு கொடுத்துக் கலர்லதானே தம்பி எடுத்தோம்?" என்றார். கலர் படத்தைப் பதிய நம் ஊரில் பால் (PAL) என்ற முறை, பிரான்சில் செகாம் (SECAM) என்ற முறை. இரண்டுக்கும் 625 கோடுகள்தான், நொடிக்கு 25 படம்தான். அதனால் படம் ஆடாமல் நிற்கும். நிறத்தைப் பதியும் முறைதான் வேறு. அப்புறம் ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டில் பிரெஞ்சு டெக் கிடைத்தது. செகாம் காட்டும் பழைய டிவியில் அதை மாட்டிய பிறகுதான் பெண்ணின் புடவை அரக்கு என்று தெரிந்தது.

ஆனால் இந்த ஊரில் உண்மையான தொல்லை ஈரக்காற்றுதான். ஐப்பசி மழையில் ஈரம் உணரும் சென்சார் வேலையைக் காட்டும்; எந்தப் பட்டனை அமுக்கினாலும் டெக் அசையாது. கோபப்படாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட் பதிந்த, நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும் டிரம்மில் ஈர டேப் ஒட்டினால் இரண்டும் பாழ். நான் மழைக்காலத்தில் தினமும் அரைமணி நேரம் கேசட் இல்லாமல் டெக்கை ஆன் செய்து வைக்கிறேன். உள்ளே வரும் சூடே போதும்.

கேசட் ஜன்னல் வழியே டேப் விளிம்பில் வெள்ளைப் பூப் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஹெட்டை பஞ்சுக் குச்சியால் துடைத்து ஒன்றை நானே உடைத்திருக்கிறேன். மெல்லிய தோல் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போச்சு.

ரப்பர் இன்னொரு செலவு. டேப்பைச் சுருட்டும் சக்கரத்தின் ரப்பர் வழவழத்துப்போனால் டேப் உள்ளேயே குவியும். தங்கையின் மஞ்சள் நீராட்டு கேசட்டில் ஒரு சாண் அப்படித்தான் கசங்கியது. இன்றும் குத்திக்காட்டுவாள்.

2016 ஜூலையோடு, கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாயும் வி.எச்.எஸ். (நம் வீடுகளில் இருந்த வழக்கமான கேசட் வகை) டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே பார்ட்ஸுக்கு இன்னொரு டெக்கைத்தான் அறுக்க வேண்டும். என் நான்கில் ஒன்று அதற்கென்றே கிடக்கிறது. படம் பார்க்க மட்டும் என்றால் வாங்காதீர்கள். வீட்டுக் கேசட் இருக்கிறதா, நல்ல டெக்காக ஒன்றைப் பிடித்து முதலில் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுங்கள்.

வி.எச்.எஸ். டெக்கில் போகாத பீட்டாமேக்ஸ் என்ற வகைக் கேசட் மட்டும் மூன்று வைத்திருக்கிறேன். அதை ஓட்டும் டெக் இல்லை. அதற்காகவே இன்னும் ஞாயிறு தவறாமல் மார்க்கெட் போகிறேன்.