தோர்லாப்ஸ் பிஎம்100டி மீட்டரும் எஸ்121சி சென்சாரும்: அலைநீளத்தைப் பார்த்துவிட்டு எண்ணை நம்புங்கள்

இது லேசர் ஒளியின் திறனை அளக்கும் கருவி. மீட்டரும் சென்சாரும் தனித்தனிப் பாகங்கள். எஸ்121சி, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் சிலிக்கான் ஃபோட்டோடயோடு சென்சார். 400 முதல் 1100 நானோமீட்டர் வரை, 500 நானோவாட்டிலிருந்து 500 மில்லிவாட் வரை அளக்கும். கல்லூரி ஆய்வகத்துக்குத் தாராளமாகப் போதும். அளவுத்திருத்தத் தரவு சென்சாரின் கனெக்டரிலேயே பதிந்திருப்பதால், வேறு மீட்டரில் செருகினாலும் தரவு கூடவே போகும். அருமையான ஏற்பாடு.

ஆனால் என்ன நிற லேசர் என்பது சென்சாருக்குத் தெரியாது. அதை நாம்தான் அமைக்க வேண்டும். 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கென அமைத்து விட்டுவைத்த மீட்டரில் 405 நானோமீட்டர் ஊதா லேசரை அளந்தால் எண் குறைவாக வரும், ஏனென்றால் அந்த நிறத்துக்கு சிலிக்கான் தரும் மின்னோட்டம் குறைவு. 5 மில்லிவாட்டைத் தாண்டிய, கண்ணுக்கு ஆபத்தான 3பி வகுப்பு லேசர், திரையில் சாதுவாகத் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நிற்க அந்த எண்ணே துணிச்சல் கொடுத்துவிடும். எங்களைக் கேட்டால் இந்தக் கருவியின் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

மலிவான பச்சை பாயின்டர்களில் சிக்கல் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் 808 நானோமீட்டர் டயோடின் ஒளியும், அதிலிருந்து உருவாகும் 1064 நானோமீட்டர் ஒளியும் வெளியே கசியலாம், இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2010-இலேயே இதை எச்சரித்தது. சென்சார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் வைத்தும் வைக்காமலும் அளந்து பாருங்கள். ஃபில்டர் பச்சையில் விழுங்கும் சில சதவீதத்தைவிடப் பெரிய வித்தியாசம் வந்தால் கசிவு இருக்கிறது. பச்சை ஒளியின் 532 நானோமீட்டருக்கு மட்டும் வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி 808-ஐத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடியில் அச்சிட்ட அலைநீள வரம்பைப் படியுங்கள்.

500 மில்லிவாட் என்ற உச்சவரம்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்சார் தாங்குவது சதுர சென்டிமீட்டருக்கு 20 வாட். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கற்றையில் 500 மில்லிவாட் விழுந்தால் சராசரியே 64 வாட் ஆகிவிடும். நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கும் காஸியன் கற்றையின் நடுவில் அதற்கு இரு மடங்கு. முகப்பு ஃபில்டரில் பொட்டுப்போல ஒரு கருகல் விழும். பிறகு அந்த இடத்தில் விழும் எந்தக் கற்றையின் அளவையும் நம்ப முடியாது. முழுத் திறனில் அளக்க வேண்டுமென்றால் லென்ஸ் வைத்துக் கற்றையை 3 மில்லிமீட்டருக்காவது விரியுங்கள். முகப்பின் விட்டம் 9.5 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஓரம் வெட்டுப்படும்.

அளக்கும்போது சென்சாரைக் கையில் பிடிக்கவே கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டு, ஷட்டரை மூடியபடியே சென்சாரைக் கம்பத்தில் பொருத்துங்கள். முகப்பை மூடி ஜீரோ செய்யுங்கள், மூடியைக் கழற்றுங்கள், பிறகு ஷட்டரைத் திறக்கலாம். மைக்ரோவாட் அளவுகளில் அறையின் டியூப்லைட் வெளிச்சமே எண்ணைக் கூட்டும், விளக்கை அணைத்துவிடுங்கள். சென்சாரை நேர்செங்குத்தாக வைத்தால் பளபளப்பான ஃபில்டரில் பட்ட ஒளி லேசருக்குள்ளேயே திரும்பிப்போய்த் திறனை ஆட்டும். இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, அந்தப் பிரதிபலிப்பு விழும் இடத்தில் கறுப்புத் தடுப்பு ஒன்றை வையுங்கள்.

குறை என்றால், ஆண்டுக்கொருமுறை அளவுத்திருத்தத்துக்கு சென்சாரை அனுப்பியாக வேண்டும். அதுவரை கையில் எதுவும் இருக்காது. 500 மில்லிவாட்டைத் தாண்டும் 4-ஆம் வகுப்பு லேசருக்கு எஸ்121சி வேண்டாம். இதே மீட்டரில் வெப்பவகை சென்சாரைச் செருகிக்கொள்ளலாம். எண் நிலைக்குவரச் சில நொடி காத்திருக்க வேண்டியிருக்கும்.