பெவாசிசுமாபா, செடுக்சிமாபா? பிரஷர் கொப்பி வைத்து எடுத்த முடிவு

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டால் கீமோவோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்றுவார்கள். பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: பெவாசிசுமாப், செடுக்சிமாப். அம்மாவுக்கு நாங்கள் எடுத்தது முதலாவது. சென்னையில் இருக்கும் மாமா இரண்டாவதுதான் நல்லதென்று வட்ஸ்அப்பில் விடாமல் வாதாடினார். கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக்கு மாடி ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னதை இங்கே எழுதப்போனால் முடியாது.

செடுக்சிமாப் புற்றுக் கலத்தின் மேலுள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை அடைத்து, 'வளரு' என்ற கட்டளையை நிறுத்துகிறது. பெவாசிசுமாப் வேறு வழியில் போகிறது. தனக்கென்று புது இரத்தக் குழாய்களை வரவழைக்கக் கட்டி விஈஜிஎஃப் என்ற புரதத்தை வெளியே விடும். அந்தப் புரதத்தை இரத்தத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வதுதான் இந்த மருந்தின் வேலை. புதுக் குழாய் இல்லாவிட்டால் கட்டி கடுகளவுக்கு மேல் வளர முடியாது என்று 1971இல் எழுதியவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர். அப்போது நம்பியவர்கள் குறைவு. 1989இல் நெப்போலியோனே ஃபெராராவின் குழு விஈஜிஎஃப்பைப் பிரித்தெடுத்தது. 2004 பெப்ரவரியில் பெவாசிசுமாபுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செடுக்சிமாபுக்கும் அதே மாதம்தான், ஆகவே எது புதிய மருந்து என்ற கேள்விக்கு இடமில்லை.

குழாயை மறித்தால் கீமோ மருந்தும் கட்டிக்குள் போகாதே என்று நானும் கேட்டேன். கட்டிக்குள் முளைக்கும் குழாய்கள் கோணல்மாணலானவை, கசிபவை. விஈஜிஎஃப் குறைந்தால் மிஞ்சும் குழாய்கள் கொஞ்ச காலத்துக்குச் சீராகி, கீமோ உள்ளே போக வழி விடுகின்றன என்பது ஹார்வர்டின் ராகேஷ் ஜெயின் தந்த விளக்கம். பெருங்குடல் நோயில் இந்த மருந்தைக் கீமோவோடு சேர்த்தே கொடுப்பது வழக்கம். 2004இல் வெளிவந்த முதல் பெரிய ஆய்வில் கீமோ மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இதையும் சேர்த்தவர்களுக்கு 20.3 மாதம்.

சரி, எது யாருக்கு? கட்டியின் ராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கீமோவோடு கொடுக்கும் செடுக்சிமாப் வேலை செய்யாது, அதோடு விவாதம் முடிந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மாற்றம் உண்டு. மாற்றம் இல்லாதவர்களுக்கு கட்டி குடலின் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். 1,137 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் இடைநிலை ஆயுள் செடுக்சிமாப் 30 மாதம், பெவாசிசுமாப் 29 மாதம் என்று மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. பக்கம் பிரித்துப் பார்த்தபோது இடப்பக்கக் கட்டிக்குச் செடுக்சிமாப் முந்தியது, வலப்பக்கத்துக்குப் பெவாசிசுமாப். அம்மாவுக்கு வலப்பக்கம், ராஸ் மாற்றம் இல்லை. டொக்டர் பெவாசிசுமாப் பக்கம் சாய்ந்தாலும், மற்றதையும் யோசிக்கலாம் என்று எங்களிடம் விட்டார்.

எங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது வீட்டுப் பராமரிப்பு. விஈஜிஎஃப் கட்டியின் தனிச்சொத்து இல்லை, உடம்புக்கும் அது வேண்டும். குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஒட்சைட் சுரக்க அது தேவை, அதனால் மருந்து ஏறினால் பிரஷரும் ஏறும். சிறுநீரக வடிகட்டிக்கும் அது தேவை, அதனால் சலத்தில் புரதம் போகும். காயம் ஆறவும் புதுக் குழாய் வேண்டும், அதனால் காயம் ஆறத் தாமதமாகும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், மூன்றையும் முன்கூட்டியே கவனிக்கலாம். சாப்பாட்டு மேசையில் பிரஷர் மெஷினும் சிஆர் கொப்பியும் எப்போதும் இருக்கும். காலையில் தேத்தண்ணிக்கு முன்னால் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. 140/90 தாண்டினால் அறிவிக்கச் சொன்னார்கள். தாண்டியது, அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கினார்கள், இறங்கியது. கருவாடும் அச்சாறும் மேசையை விட்டுப் போயின, அம்மாவின் பெரிய முறைப்பாடு அதுதான். ஒவ்வொரு ஏற்றலுக்கும் முன்னால் சலத்தில் சோதனைப் பட்டி நனைத்துப் பார்ப்பார்கள். புரதம் இரண்டு பிளஸ் என்று வந்தால் 24 மணிநேரச் சலம் சேர்க்க வேண்டும்.

சிரமமானது மூன்றாவது. மருந்தின் அளவு உடம்பில் பாதியாகவே சுமார் 20 நாள் ஆகும். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது 28 நாளாவது போய், காயமும் ஆறியிருந்தால்தான் ஏற்றலாம். அம்மாவின் ஆடும் கடைவாய்ப் பல்லைக்கூட ஏற்றல் தொடங்குமுன் பிடுங்கி, முரசு ஆறும்வரை காத்திருந்தோம். பல் விஷயத்தை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்டதால் தெரிந்தது. அப்புறம், குடலில் துளை விழுவது அரிது, ஆனால் நடந்தால் உயிராபத்து. திடீரென்று கடும் வயிற்றுக்குத்து வந்தால் பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்கு.

செடுக்சிமாபை நான் பக்கத்துக் கதிரையில் ஏற்றிக்கொண்ட ஒரு அண்ணனைப் பார்த்துத்தான் சொல்கிறேன், அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு முகத்திலும் நெஞ்சிலும் முகப்பரு போல் பருக்கள் கிளம்பும். பரு கிளம்பியவர்களுக்கே மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதால், சகித்துக்கொள் என்பார்கள். நக ஓரம் வெடித்து அவருக்குச் சேர்ட் பொத்தான் போடவே கஷ்டமாக இருந்தது. மக்னீசியம் இறங்கும், அதற்கும் இரத்தம் குத்திப் பார்க்க வேண்டும். கொழும்பு வெயிலில் தொப்பியும் கிறீமும் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. வாராவாரம் ஏற்றும் முறையென்றால் 138 பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே ஒரு வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் முறையும் உண்டு. அம்மா கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாமல் இருக்கமாட்டார். கொப்பியில் எழுதும் எண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை, முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். அற்பமான காரணம் என்று மாமா சொன்னார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விலையைப் பற்றி ஒரு வரி: பெவாசிசுமாபுக்கு இந்தியாவில் தயாராகும் ஒத்த மருந்துகள் உண்டு, பாமசியில் அவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

இரைப்பைப் புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பெவாசிசுமாப் பெரிய ஆய்வில் ஆயுளைக் கூட்டவில்லை. விஈஜிஎஃப் போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் ராமுசிருமாப்தான் 2014இல் பலன் காட்டியது, பக்லிடாக்செல் என்ற கீமோவோடு சேர்த்தபோது 7.4 மாத ஆயுள் 9.6 ஆனது. பெருங்குடலிலும், கட்டியை வெட்டியெடுத்த பின் 'திரும்ப வராமல் இருக்க' என்று பெவாசிசுமாப் ஏற்றிய ஆய்வுகள் தோற்றுவிட்டன, யாராவது அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள். இடப்பக்கக் கட்டி, ராஸ் மாற்றம் இல்லை என்றால் நான் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுச் செடுக்சிமாப் பக்கமே டொக்டரோடு பேசுங்கள். ராஸ் மாற்றம் இல்லாதவர்களில் பாரிசவாதம் வந்தவர்களும் பிரஷர் அடங்காதவர்களும் அப்படித்தான்.