காற்றா, முன்னறையா, நேரடிப் பீச்சா: டீசல் லாரிக்காகப் போட்டியிட்ட மூன்று வழிகள்

1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச் நோக்கிச் சென்ற டிரெஸ்டன் என்ற கப்பலில் ருடால்ஃப் டீசல் கடைசியாகக் காணப்பட்டார். அன்று அவர் பெயர் தாங்கிய இன்ஜின்கள் ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் கப்பல்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் விற்பனைக்கு வந்த லாரி ஒன்றில்கூட அவை இல்லை. பென்ஸ் நிறுவனத்தின் டீசல் லாரி முதன்முதலாகச் சோதனைக்குச் சாலையில் இறங்கியது 1923 செப்டம்பர் 10 அன்று, அதாவது டீசல் மறைந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் நடந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் இன்று பெரிதாக யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டை எழுத என்னைத் தூண்டியது. டீசல் லாரியைத் தந்தவர் யார் என்று கேட்டால், எரிபொருளைச் சிலிண்டருக்குள் செலுத்துவது எப்படி என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள்தாம் என்பதே என் பதில். அதற்கு அக்காலத்தில் மூன்று விடைகள் இருந்தன. மூன்றும் ஜெர்மனியில், ஓராண்டு இடைவெளிக்குள், லாரியில் ஏறி ஒன்றையொன்று எதிர்கொண்டன.

டீசலின் அடிப்படைக் கருத்து எளிமையானது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து மிகவும் இறுக்கினால் அது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் ஸ்பார்க் பிளக்கின் உதவியின்றித் தானே பற்றிக்கொள்ளும். 1897 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில் அந்த இன்ஜின் 26.2 விழுக்காடு வெப்பத் திறனைக் காட்டியது. அன்றைய நீராவி இயந்திரங்கள் நெருங்கவே முடியாத எண் அது. ஆனால் ஒரே சிலிண்டர் கொண்ட அந்த இயந்திரம் சுமார் மூன்று மீட்டர் உயரமும் நாலரை டன் எடையும் உடையதாக இருந்தது. தந்ததோ ஏறக்குறைய 18 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 150 சுற்றை ஒட்டிய வேகத்தில். ஐந்து டன் சுமக்க வேண்டிய லாரியில் இதை ஏற்றினால் இன்ஜினைச் சுமப்பதற்கே லாரி போதாது.

எடைக்கு முதன்மையான காரணம் தடித்த வார்ப்பிரும்பு மட்டுமன்று. இறுகிய காற்றை எதிர்த்து ஒரு துளி எண்ணெயைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து உள்ளே செலுத்துவதற்கு, அதைவிட அழுத்தம் மிகுந்த காற்றையே டீசல் பயன்படுத்தினார். தொடக்கத்தில் எண்ணெயைப் பம்பினால் நேரடியாகச் செலுத்தவே அவர் முயன்றார். அன்றைய கடைசல் நுட்பத்தில் அது கைகூடவில்லை. எனவே இன்ஜினோடு, காற்றை இறுக்கும் கம்ப்ரஸர் ஒன்றும், அழுத்தக் காற்றைச் சேமிக்கும் கலங்களும், குழாய்களும் சேர்ந்துகொண்டன. இன்ஜின் உற்பத்தி செய்யும் திறனில் ஒரு பங்கைக் கம்ப்ரஸரே எடுத்துக்கொண்டது. ஆலையில் ஒரே வேகத்தில் நாள் முழுவதும் ஓடும் இயந்திரத்துக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்க சுமையே. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நொடிக்கு நொடி வேகம் மாறும் வண்டிக்கோ, காற்றின் அளவையும் எண்ணெயின் அளவையும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது பெரும் பாடு. சுவிட்சர்லாந்தின் சாவுரர் நிறுவனத்தோடு சேர்ந்து 1908இல் டீசலே வேகமாக ஓடும் ஒரு சிறிய இன்ஜினை முயன்று பார்த்தார் என்றாலும், அவர் காலத்தில் அது சாலை வண்டியாகக் கனியவில்லை.

இந்தக் காற்று வழியைக் கைவிடாமல் லாரிக்குக் கொண்டுவந்தவர்கள் பெர்லின் மாரியன்ஃபெல்டேயில் இருந்த டைம்லர் நிறுவனத்தார். அவர்கள் 1923இல் காட்டிய நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் 40 குதிரைத்திறன் தந்தது. எண்ணெய் நன்றாகப் பொடிந்து எரிவதில் இதற்கு ஈடு வேறில்லை. ஆனால் கம்ப்ரஸர் என்ற கூடுதல் இயந்திரத்தைச் சாலையின் குலுக்கலில் பராமரிக்க வேண்டியிருந்தது என்ற ஒரே காரணத்தாலேயே, இந்த வழிக்கு எதிர்காலம் இருந்திருக்க முடியாது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது வழிக்கு உரியவர் ப்ராஸ்பெர் லோராஞ்ச். பெய்ரூட்டில் 1876இல் பிறந்த இந்த ஜெர்மன் பொறியாளர் 1908இல் மன்ஹைமில் இருந்த பென்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டு மார்ச்சில் முன்னறை முறைக்குக் காப்புரிமை கோரினார். முதன்மை எரியறைக்கு மேலே சிறிய அறை ஒன்றை அமைத்து, இரண்டையும் குறுகிய துளைகளால் இணைப்பதே அவரது யோசனை. எண்ணெய் சிற்றறைக்குள்தான் பீச்சப்படும். அங்கே போதிய காற்று இல்லாததால் அதில் ஒரு பகுதி மட்டும் எரியும். அந்த எரிதலின் அழுத்தமே மீதி எண்ணெயைச் சூடான வாயுவோடு சேர்த்துத் துளைகளின் வழியே முதன்மை அறைக்குள் உந்தித் தள்ளும். கம்ப்ரஸர் செய்துவந்த வேலையை எரிபொருளின் ஒரு சிறு பங்கே செய்துவிடுகிறது என்பதுதான் இதன் அழகு. பம்பு அவ்வளவு உயர்ந்த அழுத்தம் தர வேண்டியதில்லை. நாசிலுக்கு மயிரிழைத் துளைகள் பல வேண்டியதில்லை. எண்ணெய் சற்று மட்டமாக இருந்தாலும் எரிந்துவிடும். இன்ஜினின் பெரும் எதிரியாகிய அந்த 'டக்டக்' அடியும் மென்மையாகிவிடுகிறது, ஏனெனில் பிஸ்டன் மீது அழுத்தம் ஒரே அடியாக விழாமல் சற்றுப் படிப்படியாக ஏறுகிறது.

காப்புரிமைக்கும் லாரிக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. நடுவில் போர் வந்தது. லோராஞ்ச் 1919இல் புனல் வடிவச் செருகலையும் ஊசி நாசிலையும், 1921இல் பீச்சும் அளவை மாற்றத்தக்க பம்பையும் உருவாக்கிய பிறகே அவரது முறை வண்டிக்குத் தகுதி பெற்றது. 1922இல் அது முதலில் இரண்டு சிலிண்டர்களோடு பென்ஸ்-சென்ட்லிங் டிராக்டரில் வயலில் இறங்கியது; மறு ஆண்டு ஓபி 2 என்ற நான்கு சிலிண்டர் இன்ஜினாக லாரியில் ஏறியது. 8.8 லிட்டர் கொள்ளளவு கொண்ட அது நிமிடத்துக்கு 1000 சுற்றில் 45 முதல் 50 குதிரைத்திறன் தந்தது. பணவீக்கத்தால் நாணயம் தாளாகிவிட்டிருந்த, பெட்ரோலை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்த 1923ஆம் ஆண்டின் ஜெர்மனியில், பழுப்பு நிலக்கரியின் தார் எண்ணெயைக்கூடக் குடித்து ஓடும் லாரி என்றால் உரிமையாளருக்கு அது என்ன பொருள் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி டீசலின் இன்ஜின் பிறந்த ஆக்ஸ்பர்கிலிருந்தே வந்தது. மான் நிறுவனத்தார் கம்ப்ரஸரையும் ஏற்கவில்லை, முன்னறையையும் ஏற்கவில்லை. டீசல் முதலில் விரும்பியபடியே எண்ணெயைப் பம்பின் அழுத்தத்தால் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சினார்கள். 1924இல் அவர்களின் லாரி ஆக்ஸ்பர்கிலிருந்து நியூரம்பர்க் வரை சுமார் 140 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் கடந்தது; அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. நான்கு சிலிண்டர், நிமிடத்துக்கு 900 சுற்று, 40 குதிரைத்திறன்.

திறனில் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். வேறுபாடு ஓட்டுபவருக்கும் முதலாளிக்கும் பட்டறைக்காரருக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. முன்னறை இன்ஜினில் சூடு வாங்கும் பரப்பு அதிகம் என்பதால் வெப்பத்தின் ஒரு பகுதி குளிர்நீருக்குப் போய்விடும். துளைகளின் வழியே வாயு முட்டிமோதிச் செல்வதிலும் இழப்பு உண்டு. எனவே அதே வேலைக்கு நேரடிப் பீச்சைவிட ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் எண்ணெய் வேண்டும். குளிர்காலக் காலையில் அதன் சிற்றறைச் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், மின்சாரத்தால் சூடாகும் ஹீட்டர் பிளக் சிவக்கப் பழுக்கும் வரை காத்திருந்தே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நேரடிப் பீச்சில் இவை இரண்டும் இல்லை. ஆனால் அதன் உயிரே பம்பிலும் நாசிலிலும் இருக்கிறது: ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்குச் செல்லும் எண்ணெய் சில சொட்டுகளுக்குமேல் இல்லை, அந்த அளவு சற்றுக் கூடினாலும் கரும்புகை, சற்றுக் குறைந்தாலும் இழுவை இல்லை, நாசில் துளை அடைத்துக்கொண்டாலோ சிலிண்டரே வேலை நிறுத்தம். 1924இல் நான் லாரி வாங்கியிருந்தால் பென்ஸைத்தான் வாங்கியிருப்பேன். மான் பொறியாளர்களின் திசை சரியானது என்று இன்று அறிந்த பிறகும் அந்தத் தேர்வை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஏனெனில் அவர்களின் யோசனைக்கு வேண்டிய பம்பு அன்று கடையில் கிடைக்கவில்லை.

1926இல் டைம்லரும் பென்ஸும் இணைந்தபோது ஒரே கூரையின்கீழ் இரண்டு வழிகள் மோதின. முன்னறை வென்றது, காற்று வழி அத்தோடு லாரியிலிருந்து நீங்கியது. லோராஞ்ச் அதே ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார் என்பது படிக்கும்போது மனத்தை வருத்துகிறது.

இந்தக் கதையின் நடுவில் நிற்க வேண்டியது பம்பு என்பதே என் உறுதியான கருத்து. ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ், பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காந்தத் தீமூட்டியால் பெரும்புகழ் பெற்றிருந்தவர், டீசல் வளர்ந்தால் தம் தொழிலின் அடித்தளமே ஆடும் என்பதை உணர்ந்து 1922 இறுதியில் பீச்சுப் பம்பு செய்ய முடிவெடுத்தார். ஃப்ரான்ஸ் லாங் என்ற பம்பு வல்லுநரின் அறிவும் அந்த முயற்சிக்குச் சேர்ந்தது. 1927இல் தொடர் உற்பத்தி தொடங்கியது. அந்தப் பம்பின் உலக்கையில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும்; உலக்கை எப்போதும் ஒரே உயரம்தான் ஏறி இறங்கும், ஆனால் அதைச் சற்றுத் திருப்பினால் பள்ளம் துளையைச் சந்திக்கும் நேரம் மாறி, பீச்சும் அளவு கூடும் அல்லது குறையும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது உண்மையில் அந்த உலக்கைகளைத்தான் திருப்புகிறார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தேய்த்துப் பொருத்தப்பட்ட இந்த உருப்படியை எந்த லாரி நிறுவனமும் விலைக்கு வாங்கிப் பொருத்தலாம் என்று ஆனதும், டீசல் இன்ஜின் செய்வது ஒரு சிலரின் கைரகசியமாக இருந்த நிலை முடிந்தது. பெங்களூரில் 1951இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் (மைக்கோ), பாஷ் தொழில்நுட்பத்தில் இதே மரபின் பம்புகளை நம் நாட்டிலும் செய்தது; 'மைக்கோ பம்பு' என்ற சொல்லை நம் லாரிப் பட்டறைகள் அறியும்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்தப் போட்டியின் வடிவமே வேறு. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, எனவே டீசலை விரும்பும் அவசியம் யாருக்கும் இல்லை. இண்டியானாவின் கொலம்பஸ் ஊரில் கிளெஸ்ஸி கம்மின்ஸ், வங்கியாளர் வில்லியம் இர்வினின் பணத்தில் 1919 முதல் நடத்திவந்த நிறுவனம் பத்தாண்டுகள் தள்ளாடியது. ஜெர்மானியர் ஆய்வுக்கூடத்தில் வாதாடியதை அவர் சாலையில் வாதாடினார்: பழைய பேக்கார்டு கார் ஒன்றில் தம் டீசல் இன்ஜினைப் பொருத்தி 1930 ஜனவரியில் இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரை, ஏறக்குறைய 800 மைல், 1 டாலர் 38 சென்ட் எண்ணெயில் சென்றார். 1931இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அவரது டீசல் கார் ஒரு முறைகூட நிற்காமல் ஓடி 13ஆம் இடத்தில் முடித்தது. நுட்பத்திலும் அவர் வழி தனி: பம்பு எண்ணெயைக் குறைந்த அழுத்தத்தில் அளந்து மட்டும் அனுப்பும், உயர் அழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் இருக்கும் இன்ஜெக்டரே, சுழலும் தண்டின் மேடாகிய கேமின் உதவியால் உண்டாக்கும். நீண்ட உயர்அழுத்தக் குழாய் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. பாஷின் பம்பைவிட இது கண்ணுக்கு எளியதாகத் தோன்றாவிட்டாலும், எதிர்காலத்துக்கு நெருக்கமாக இருந்தது இதுவே என்று சொல்லலாம். அதே 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உயிர் தப்பிய அனுபவம் கம்மின்ஸின் மனத்தில் முப்பது ஆண்டுகள் தங்கியிருந்து, இன்ஜினையே பிரேக்காக மாற்றும் கருவியாக 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் வழியே சந்தைக்கு வந்தது. மலைச்சாலை ஓட்டுநர்களுக்கு அவர் செய்த மிகப்பெரிய நன்மை அதுதான்.

ஐரோப்பாவில் முன்னறையின் ஆட்சி நீண்டது. ஆனால் பம்புகளும் நாசில்களும் ஆண்டுதோறும் தேறத்தேற, பெட்ரோலோடு ஒப்பிட்டு மகிழ்ந்திருந்த லாரி முதலாளி, டீசலையே டீசலோடு ஒப்பிடத் தொடங்கினார். அப்போது அந்த 10, 15 விழுக்காடு கண்ணை உறுத்தியது. 1951இல் மான் நிறுவனம், சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ பொருத்திய 175 குதிரைத்திறன் லாரி இன்ஜினைக் காட்டியது. கூடுதல் காற்றும் கூடுதல் வெப்பமும் வரும்போது முன்னறையின் வெப்ப இழப்பு இன்னும் பெரிய சுமையாகும் என்பதால், டர்போவின் வரவு நேரடிப் பீச்சுக்கே சாதகமாக அமைந்தது.

இந்த மோதல் இந்தியச் சாலைகளிலும் நடந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா குழுமத்தின் டெல்கோ 1954இல் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து செய்யத் தொடங்கிய லாரிகளின் ஓஎம் 312 இன்ஜின் லோராஞ்சின் முன்னறை மரபு. எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்த கோமெட் லாரியின் இன்ஜினோ பிரிட்டிஷ் நேரடிப் பீச்சு மரபு. ஒரே நெடுஞ்சாலையில், ஒரே சுமையோடு, 1909க்கும் 1924க்கும் உரிய இரண்டு விடைகள் அருகருகே ஓடின.

1964இல் டைம்லர்-பென்ஸே ஓஎம் 352 என்ற நேரடிப் பீச்சு இன்ஜினை லாரிக்குக் கொண்டுவந்தது. ஜாம்ஷெட்பூரும் பின்னர் அந்த வழிக்கே மாறியது. லாரியில் தோற்ற முன்னறை, சத்தம் குறைவு என்ற அதே பழைய சிறப்பால் மெர்சிடிஸ் டீசல் கார்களில் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் எண்ணெயை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும், கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் முறை ஒரே பீச்சைப் பல சிறு பீச்சுகளாகப் பிரித்து நேரடி இன்ஜினின் அடியையும் மென்மையாக்கிய பிறகு, 1990களின் இறுதியில்தான் லோராஞ்சின் சிற்றறை அங்கிருந்தும் வெளியேறியது.